டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, அப்புறம்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். என் அக்கா மகள் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையனோடு படியேறி வந்தாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "சித்தி, நான் ஜெர்மனிக்கு எழுதிப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. "படிப்புதான் முடிஞ்சு போச்சே, டாக்டர் பட்டம் வாங்கியாச்சே, இன்னும் என்னடி?" என்றேன். அவள் வீட்டில் அவளுடைய மாமியாரும் இதையேதான் கேட்டாராம். என் அக்காவும் இதையேதான் கேட்டாளாம். மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறோம், மூன்று பேருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை!

நான் ஹைஸ்கூலோடு நின்றவள். ஆனாலும் அவளோடு கூடவே அலைந்து, கேட்டு, எழுதி வைத்துக்கொண்டதில் சில விஷயங்கள் தெரிந்தன. நம் பக்கத்தில் இது ஒரு வீட்டு சமாசாரம் இல்லை. தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி 1937 முதல் இருக்கிறது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம், கிண்டிப் பக்கம் ஐ.ஐ.டி., தரமணியில் கணித விஞ்ஞான நிலையம், பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிலையம். காலையில் தாம்பரம் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினால், மடியில் டிபன் பாக்ஸும் கையில் ஆராய்ச்சிக் கட்டுரையுமாக ஒரு பெண்ணாவது இருப்பாள். அவர்களில் பலர் கல்யாணமானவர்கள், சிலர் தாயார்கள். அவர்கள் வீடுகளிலும் இதே கேள்வி எழத்தான் செய்யும்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 'போஸ்ட் டாக்டரல்' என்பது இன்னொரு பட்டம் இல்லை, பரீட்சை இல்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஒன்றிரண்டு வருஷம், சில இடத்தில் அதற்கு மேலும், ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்வது. தையல் கற்று முடித்தவர்கள் பெரிய டெய்லரிடம் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சொந்தக் கடை போடுவதில்லையா, அது மாதிரி. பெரிய கல்லூரியிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ வேலைக்கு மனுப் போடும்போது இந்த அனுபவம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "இன்னும் படிக்கிறாள்" என்று நாம் சொல்வது தப்பு. அவள் உத்தியோகத்துக்குப் போகிறாள்.

இதில் இரண்டு வகை. ஒன்று, பேராசிரியர் தம்முடைய ஆராய்ச்சிப் பணத்திலிருந்து சம்பளம் தருவது. வேலைக்கு ஆள் எடுப்பது போலத்தான். இன்னொன்று, ஒரு ஸ்தாபனமோ அரசாங்கமோ ஆராய்ச்சியாளர் பெயரிலேயே தரும் ஃபெல்லோஷிப். இதற்கு மதிப்பு அதிகம், போட்டியும் அதிகம். ஐரோப்பியக் கூட்டமைப்பு மேரி க்யூரி அம்மையார் பெயரில் தருகிற ஃபெல்லோஷிப்புக்கு 2024ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள், கிடைத்தது சுமார் 1,700 பேருக்கு. 2025ல் மனுக்கள் பதினேழாயிரத்தைத் தாண்டிவிட்டன. கிடைக்கவில்லை என்றால் பெண் மக்கு என்று அர்த்தமில்லை. வீட்டில் எல்லோரும் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் பெண் முதலில் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மூலிகைகளிலிருந்து மருந்துச் சரக்கைப் பிரித்தெடுக்கும் ரசாயனம் அவள் பாடம். பையன் தூங்கும் மத்தியான நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை ஈமெயிலில் அனுப்பினாள். 'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர்' என்று ஆரம்பித்து, 'தங்கள் புகழ்பெற்ற ஆராய்ச்சிக்கூடத்தில்' என்று போகும். நாற்பதில் மூன்று பேர் 'இடமில்லை' என்று எழுதினார்கள். மற்ற முப்பத்தேழு பேர் அதுவும் எழுதவில்லை.

வந்த ஒரே உற்சாகமான பதில் ஒரு மோசடி! 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், முன்பணம் கட்டுங்கள்' என்று முத்திரையெல்லாம் வைத்து ஒரு கடிதம். கட்டப் போனவளை அவள் வீட்டுக்காரர்தான் தடுத்தார். பெரிய ஸ்தாபனங்கள் நமக்குப் பணம் தருகிறவை, நம்மிடம் கேட்கிறவை அல்ல. விசா கட்டணம் வேறு, அது தூதரகம் சம்பந்தப்பட்டது. மனுப் போடாமலே தேர்வாகிவிட்டதாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம்தான் அவளுடைய பழைய வழிகாட்டிப் பேராசிரியையைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் சொன்ன வழி வேறு. "நீ படித்த கட்டுரைகளை எடுத்து வை. எதைப் படித்தபோது 'இதை நானும் செய்து பார்க்கணும்' என்று தோன்றியதோ, அதை எழுதினவருக்கு எழுது. நாற்பது பேருக்கு வேண்டாம், ஆறு பேருக்கு எழுது."

அந்த ஆறு கடிதத்துக்கு அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொன்றும் அரைப் பக்கம்தான். அவருடைய இன்ன கட்டுரையில் இன்ன இடம், அதில் எனக்கு இந்தச் சந்தேகம், இந்த வேலை எனக்குத் தெரியும், இதைத் தங்களிடம் வந்து செய்ய விரும்புகிறேன், இன்ன ஃபெல்லோஷிப்புக்கு மனுப் போட எண்ணம், தாங்கள் ஆதரவு தர முடியுமா. இவ்வளவுதான். கூடவே படிப்பு, அனுபவ விவரம், வெளியான கட்டுரைகளின் பட்டியல், தன்னைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேராசிரியர்களின் பெயர். ஆறு பேரில் நான்கு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்றார். ஜெர்மனியில் காலை பத்து மணி என்றால் கோடையில் நமக்குப் பகல் ஒன்றரை. பையனைத் தூங்கப் பண்ண நான் போயிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து அவன் தூங்கவில்லை. நடுவில் ஓடிப்போய் அம்மா மடியில் ஏறிவிட்டான். அந்தப் பேராசிரியர் சிரித்துவிட்டுத் தனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றாராம்.

மனுவுக்கு முன்னால் ஒரு பேராசிரியரின் சம்மதம் வேண்டும் என்பதை நான் இதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். விளம்பரத்தைப் பார்த்து ஃபாரம் நிரப்பும் விஷயமாக இதை நினைத்து ஏமாந்துபோகிறார்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபவுண்டேஷனுக்கு அங்குள்ள பேராசிரியரின் சம்மதம் தேவை. மேரி க்யூரிக்கும் அப்படித்தான். ஜப்பானில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் தரும் ஃபெல்லோஷிப்புக்கு நாம் நேரே மனுப் போடவே முடியாது, அங்குள்ள பேராசிரியர்தான் நமக்காகப் போடவேண்டும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் இருக்கிறது. நம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் 1950ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் தொடங்கியது. அதை முடித்தவர்கள் சில வகை விசாவுக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கும் மனுப் போடுமுன் இரண்டு வருஷம் தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. "அங்கேயே தங்கிடுவாளோ" என்று பயப்படும் மாமியார்களுக்கு இது ஆறுதலான செய்தி!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெண்ணுக்குப் பெரிய பயமே, 'காலம் கடந்துவிட்டது' என்பதுதான். டாக்டர் பட்டம் வாங்கி இத்தனை வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும் என்று இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கெடு உண்டு. அவளோ பிரசவம், பால் கொடுத்தது, பையனுக்கு அடிக்கடி வந்த இளைப்பு என்று இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டாள். தன் விவரக் குறிப்பில் அந்த இரண்டு வருஷத்தைக் காட்ட வெட்கப்பட்டு, ஏதோ டியூஷன் எடுத்ததாக எழுதி வைத்திருந்தாள்.

வழிகாட்டி அம்மாள் அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாராம். ஹம்போல்ட்டும் மேரி க்யூரியும் குழந்தை வளர்ப்புக்காக எடுத்த இடைவெளியைக் கெடுவிலிருந்து கழித்துவிடுகின்றன. மறைத்தால்தான் நஷ்டம். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, மகப்பேறும் குழந்தை வளர்ப்பும்' என்று ஒரு வரி எழுதினால் போதும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அதற்கு ஆதாரம். இரண்டு வருஷம் தொட்டிலாட்டினதை வெள்ளைக்காரன் கணக்கில் எடுத்துக்கொள்கிறான், நாமோ அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம்! விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே அந்தந்த ஸ்தாபனத்தின் அறிவிப்பையே பார்க்க வேண்டும், தோழி சொன்னாள் என்று இருக்கக்கூடாது.

கைக்குழந்தையோடு போவது இன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. கல்கத்தாவில் அஸீமா சட்டர்ஜி என்று ஒரு ரசாயன விஞ்ஞானி இருந்தார். மூலிகைகள்தான் அவருக்கும் பாடம். 1944ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1947ல், ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தையையும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, பிறகு கலிஃபோர்னியாவில், பிறகு ஸ்விட்ஸர்லாந்தில் ஸூரிக் நகரத்தில் நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம். 1950ல் திரும்பி வந்தார். 1961ல் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். 1975ல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் பொதுத் தலைவரானார், அதிலும் முதல் பெண்மணி. நான் இதைச் சொன்னபோது அக்கா, "ஆயாவைக் கூட்டிட்டுப் போக நமக்கு வசதி ஏது?" என்றாள். வாஸ்தவம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் சென்னைக்கே சொந்தமான உதாரணம் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897ல் பிறந்து, இங்கே ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் தரும் பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா போய், 1931ல் டாக்டர் பட்டம் பெற்றார். கரும்பு ஆராய்ச்சியில் அவர் பெயர் பெரிய பெயர். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து 1984ல் காலமானார். அங்கே பஸ்ஸில் போய் வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடிய காரியம் ஏராளமாக இருக்கிறது. அதில் முதலாவது பெயர்! சிரிக்காதீர்கள். நமக்கெல்லாம் இனிஷியல்தானே? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின்னால் கணவரின் எழுத்து. எங்கள் பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு இனிஷியல், டாக்டர் பட்டத்தில் அதே இனிஷியல் விரித்து எழுதப்பட்டது, ஆதாரில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள்! ஜெர்மனியில் ஒரு குமாஸ்தா இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு இரண்டு தடவை அலைந்தோம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே மனு முழுவதும் எழுதி, கட்டுரைகளில் இன்ன மாதிரி இருக்கிறது என்று குறிப்புப் போட்டுச் சமாளித்தாள். பெண் படிக்கும்போதே தாயார் இதை ஒழுங்கு செய்துவிட்டால் இந்த அவஸ்தை இல்லை.

அடுத்தது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பதிவில் பல சமயம் குழந்தையின் பெயர் இருக்காது, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும். பெயரை நாம் போய்ச் சேர்க்கவேண்டும். ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. அதற்கப்புறம் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம். அதுபோலவே கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கோயில் ரசீதும் போட்டோ ஆல்பமும் விசாவுக்குப் போதாது. எங்கள் மாப்பிள்ளை வீட்டில் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருந்தார்கள். அந்த 'அப்புறம்' ஒரு மாதத்தை விழுங்கிவிட்டது.

குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல், தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம் இல்லாமல் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதில்லை. இரண்டு வயதான குழந்தைக்கு இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும். நம் அரசாங்க அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் பையனுக்கும் மறந்துதான் போயிருந்தது. அட்டையில் தேதியும், டாக்டர் கையெழுத்தும், ஊசியின் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இளைப்பு, ஒவ்வாமை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

அக்கா கேட்ட ஆயா விஷயத்துக்கு வருகிறேன். "பிள்ளையை நான் வந்து பார்த்துக்கிறேன், நீ கவலைப்படாதே" என்று அவள் மாமியார் ஒரு நாள் திடீரென்று சொல்லிவிட்டார். முதலில் எதிர்த்தவரும் அவர்தான்! எல்லோருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் விசா விதியைப் பார்த்தால், பார்வையாளராகப் போகிறவர் ஐரோப்பாவின் அந்த நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதாவது பாட்டி மூன்று மாதம்தான். அதற்குள் காப்பகத்தில் இடம் பிடிக்க வேண்டும். அங்கேயோ காப்பகத்தில் இடம் கிடைப்பது நம் ஊரில் எல்.கே.ஜி. சீட்டைவிடக் கஷ்டம் என்கிறார்கள். ஆகவே ஃபெல்லோஷிப் உறுதியான அன்றே அந்தப் பேராசிரியரின் அலுவலகத்துக்கு எழுதி, பல்கலைக்கழகக் காப்பகத்தில் பெயரைப் பதிந்துவிட்டாள். பாட்டியின் 90 நாளை முதலிலேயே செலவழிக்காமல், குளிர்காலத்துக்கென்று ஒதுக்கினார்கள். குழந்தைக்கு ஜுரம் வருவதும், காப்பகம் 'அழைத்துப் போ' என்பதும் அப்போதுதான் அதிகம்.

கணவன் விஷயம் தர்மசங்கடமானது. மாப்பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் நல்ல வேலை. 'பெண்டாட்டி பின்னாலே போறான்' என்று தெருவில் பேசத்தான் செய்தார்கள். ஜெர்மனியில் ஆராய்ச்சியாளரின் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் போகும் பரிமாற்ற விசாவில் துணைவர் தனியாக அனுமதி கேட்டு வாங்கவேண்டும். ஹம்போல்ட்டில் கூடவரும் குடும்பத்துக்குப் படியும், கணவருக்கும் சேர்த்து ஜெர்மன் பாஷை வகுப்பும் தருகிறார்கள். இருந்தாலும் சம்பளமில்லாத லீவு போடுவதா, வேலையை விடுவதா என்று அந்த வீட்டில் எத்தனையோ ராத்திரி விளக்கு எரிந்தது. கடைசியில் ஒரு வருஷ லீவு கேட்டு வாங்கினார். கம்பெனி மறுத்திருந்தால் இவள் போயிருப்பாளா? கேட்டுப் பார்த்தேன். "தெரியலை சித்தி" என்றாள்.

காலக் கணக்கும் ஒன்று இருக்கிறது. மேரி க்யூரிக்குச் செப்டம்பரில் மனுப் போட்டால் பிப்ரவரியில் முடிவு. எங்கள் பெண்ணுக்கு அந்தப் பிப்ரவரியில் 'இல்லை' என்று வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் மனுவில் எங்கே குறை என்று பரிசோதகர்கள் எழுதின குறிப்பும் கூடவே வந்திருந்தது. அதை வைத்துத் திருத்தி அதே பேராசிரியரின் ஆதரவோடு ஹம்போல்ட்டுக்குப் போட்டாள். அதற்கு வருஷம் முழுவதும் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம், தேர்வுக் குழு வருஷத்துக்கு மூன்று தடவை கூடுகிறது. ஆக, முதல் கடிதம் எழுதியதிலிருந்து விமானம் ஏறும் வரை ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆராய்ச்சிப் புத்தகத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே கடிதம் எழுத ஆரம்பிப்பது உத்தமம்.

போக முடியாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. வீட்டுக் காரணத்தால் ஆராய்ச்சியை நிறுத்திய பெண்களுக்காக மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை 2002-03லேயே ஒரு திட்டம் தொடங்கியது. இப்போது பெண் விஞ்ஞானிகளுக்கான திட்டங்களை 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் நடத்துகிறார்கள். இங்கே நம் ரயிலிலேயே போய்வரும் தூரத்தில் ஆராய்ச்சியைத் தொடர அது உதவும். வெளிநாடு போனால்தான் விஞ்ஞானி என்று நான் சொல்லவில்லை.

அவள் அங்கே போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. மாப்பிள்ளையின் லீவு முடிந்து அவர் மட்டும் திரும்பிவிட்டார். அவளும் பையனும் இன்னும் சில மாதம் தனியாக இருந்தாக வேண்டும். அது லேசான காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது குரலிலேயே தெரிந்துவிடும். பையன் தயிர் சாதத்துக்கு ஜெர்மன் பாஷையில் ஒரு பெயர் வைத்திருக்கிறானாம்.

போன வாரம் எங்கள் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயிற்றில் ஆறு மாதம், கையில் பைண்டு பண்ணின ஆராய்ச்சிப் புத்தகம். "ஆன்ட்டி, உங்க அக்கா பொண்ணு எப்படிப் போனாங்கன்னு சொல்றீங்களா?" என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டேன்: "பாஸ்போர்ட்ல உன் பேர் எப்படிம்மா போட்டிருக்கு?"